கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்குத் தலைமை ஏற்பவருக்கு: எதை முதலில் பார்ப்பது, எதைத் தள்ளிவைப்பது

யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் ஒரு கட்டற்ற மென்பொருளுக்குப் பல ஆண்டுகளாக நிரல் எழுதியோ, மொழிபெயர்த்தோ, பிழை திருத்தியோ பழகிய ஒருவரிடம், அந்த மென்பொருளுக்குப் பின்னால் நிற்கும் அறக்கட்டளையின் பொறுப்பை ஒரு கூட்டத்தின் முடிவில் ஒப்படைத்துவிடுவது இந்த வட்டாரத்தில் வழக்கம். அவர் கேட்டால் மறுக்க மாட்டார், வேறு யாரும் முன்வரவும் இல்லை என்ற இரண்டு காரணங்களே பெரும்பாலும் போதுமானவையாக இருக்கின்றன. பொறுப்பேற்றவர் மறுநாள் தமக்குத் தெரிந்த வேலையைக் கையில் எடுத்து, அடுத்த வெளியீட்டில் என்னென்ன வசதிகள் வர வேண்டும் என்று திட்டம் எழுதத் தொடங்குகிறார். ஒரு சிறிய அறக்கட்டளையில் ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்த நான் இந்தத் தொடக்கத்தை மூன்று தலைவர்களிடம் பார்த்திருக்கிறேன். மூவருமே முதல் ஆறு மாதங்களை அதில் கழித்துவிட்டு, பிறகு வங்கியிலிருந்து வந்த ஏதோ ஒரு கடிதத்தால்தான் தங்கள் உண்மையான வேலை என்னவென்று தெரிந்துகொண்டார்கள்.

அறக்கட்டளைகள் பொதுவாக மென்பொருளை எழுதுவதில்லை. 1999-இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பதிவான அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி மேலாண்மைக் குழு உண்டு. நிரல் சார்ந்த முடிவுகள் அந்தக் குழுவோடு நின்றுவிடும். சட்டப் பாதுகாப்பு, பெயர், பணம், சர்வர்கள் ஆகியவற்றை அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும். சமைப்பவர் ஒருவர், அடுப்புக்கு விறகும் கூரைக்கு ஓடும் வாங்கிப் போடுபவர் இன்னொருவர். தலைமைக்கு வருபவர் கேட்க வேண்டிய கேள்வி, இதை எழுதுபவர்களில் யார் நாளை விலகினாலும், பணம் தரும் நிறுவனங்களில் எது கைவிட்டாலும் இந்த மென்பொருள் தொடருமா என்பதே. கீழே உள்ள வரிசை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. வேறு வரிசை சொல்பவர்களும் உண்டு; இது என் அனுபவத்தில் சேதத்தைக் குறைத்த வரிசை.

முதல் வாரம்: சாவிகள் யார் கையில்?

ஒரு தாளில் ஐந்து பத்திகள் போடுங்கள்: பொருள், அது இருக்கும் இடம், அதைத் திறக்கக்கூடிய இருவர், காலாவதியாகும் நாள், கட்டணம் செலுத்துபவர். அதில் டொமைன் (வலைத்தளத்தின் இணைய முகவரி), மூலநிரல் களஞ்சியத்தின் உரிமையாளர் கணக்கு, வெளியீடுகளுக்குக் கையொப்பமிடும் டிஜிட்டல் சாவி, தொகுப்புகளைப் பதிவேற்றும் கணக்கு, வங்கியில் கையெழுத்திடுபவர்கள், சர்வர் வாடகை, அமைப்பின் பெயரில் உள்ள சமூக ஊடகக் கணக்குகள், பதிவுப் பத்திரத்தின் அசல் ஆகிய அனைத்தும் வர வேண்டும். கடவுச்சொற்களை அந்தத் தாளில் எழுத வேண்டாம். அவற்றுக்குக் குழுவாகப் பயன்படுத்தக்கூடிய கடவுச்சொல் பெட்டகம் தனியாக வேண்டும். மூன்றாவது பத்தியில் ஒரே ஒரு பெயர் உள்ள வரிகள் எவையோ அவையே உங்கள் முதல் மாத வேலை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் அமைப்பின் டொமைனை, அமைப்பு பதிவாவதற்கு முன்பே, ஒரு மாணவர் தம் கல்லூரி மின்னஞ்சலைக் கொடுத்து வாங்கியிருந்தார். அவர் படிப்பை முடித்துச் சென்றபின் கல்லூரி அந்த மின்னஞ்சலை மூடிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் யாரும் திறக்க முடியாத பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு திங்கள்கிழமை காலை எங்கள் பதிவிறக்கப் பக்கம் இருந்த இடத்தில், பயணக் காப்பீட்டுக்கும் வீட்டுக் கடனுக்குமான விளம்பரங்கள் நின்றன. வேறு நாட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட அந்த மாணவரைத் தேடிப் பிடித்து, அவருடைய அடையாள அட்டை நகலையும் பழைய ரசீதையும் அனுப்பி, முகவரியை மீட்க 19 நாள்கள் ஆயின. புதுப்பிப்புக் கட்டணம் ஆயிரம் ரூபாய்க்குச் சற்றே அதிகம். பெரும்பாலான டொமைன்களுக்குப் பத்து ஆண்டுகள் வரை முன்கூட்டியே கட்டணம் செலுத்தலாம் என்பதையும், பதிவு மின்னஞ்சலாகத் தனிமனிதர் பெயர் இல்லாத ஒரு பொது முகவரியை, அதுவும் அதே டொமைனில் இல்லாத ஒன்றைத் தர வேண்டும் என்பதையும் அன்றுதான் கற்றோம். டொமைன் போய்விட்டால் அதில் உள்ள மின்னஞ்சலும் கூடவே போய்விடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

பெயரின் உரிமை

கட்டற்ற உரிமம் நிரலை எல்லோருக்கும் கொடுக்கிறது, பெயரைக் கொடுப்பதில்லை. நிரல் எழுதுபவர்கள் இதை அலட்சியம் செய்வார்கள், ஆகவே தலைமைக்கு வருபவர்தான் இதைக் கவனிக்க வேண்டும். ஓப்பன் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளை வைத்திருந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தை ஆரக்கிள் நிறுவனம் 2010 ஜனவரியில் வாங்கி முடித்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்று, ஓப்பன் ஆபீஸை வளர்த்துவந்தவர்களில் பலர் பிரிந்து டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்தார்கள். நிரல் முழுவதையும் எடுத்துச்செல்ல உரிமம் இடம் தந்தது, ஆனால் பெயர் நிறுவனத்தின் சொத்தாக இருந்ததால், உலகம் அறிந்த பெயரை விட்டுவிட்டு லிப்ரே ஆபீஸ் என்று புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு அதே காரணத்தால் ஹட்சன் என்ற மென்பொருளின் சமூகம் ஜென்கின்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பெயரையே, அதற்குச் சம்பந்தமில்லாத ஒருவர் 1994-இல் அமெரிக்காவில் வணிகக்குறியாகக் கேட்டுப் பெற்று, பிறகு அதைச் சார்ந்து தொழில் செய்தவர்களிடம் கட்டணம் கேட்கத் தொடங்கினார். அது வழக்குக்குப் பின் 1997-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு வந்து சேர்ந்தது.

எனவே பெயரும் சின்னமும் யார் பெயரில் பதிவாகியுள்ளன என்பதைப் பாருங்கள். தொடக்கத்தில் எழுதியவரின் பெயரில் இருந்தால், அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போதே எழுத்து மூலம் அறக்கட்டளைக்கு மாற்றி வாங்குங்கள். பதிவே இல்லையென்றால், மென்பொருளுக்கான 9-ஆம் வகுப்பிலும் மென்பொருள் சேவைகளுக்கான 42-ஆம் வகுப்பிலும் விண்ணப்பிப்பதே வழக்கம்; இந்தியாவில் பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், அதன்பின் புதுப்பிக்க வேண்டும். இத்துடன் ஒரு கோப்பும் தேவை. 2013-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஒரு நிறுவனம் நிரல்மொழியான பைத்தானின் பெயரை ஐரோப்பாவில் தன் சேவைகளுக்கு வணிகக்குறியாக்க முயன்றபோது, பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை, ஐரோப்பாவில் அந்த மொழி நெடுங்காலமாகப் புழங்குவதற்கான சான்றுகளைத் தன் பயனர்களிடம் பொதுவில் கேட்க வேண்டியிருந்தது. விண்ணப்பம் பிறகு திரும்பப் பெறப்பட்டது. தேதியுள்ள வேலை விளம்பரங்கள், நூல் அட்டைகள், பயிலரங்க அழைப்பிதழ்கள் ஆகியவற்றை ஆண்டுதோறும் பத்து இருபது என்று சேர்த்து வைத்தால் அந்த ஓட்டம் மிச்சம்.

பெயரைக் காப்பதில் முறுக்கும் கூடாது. டெபியன் இயங்குதளத்தினர் தாங்கள் திருத்திய ஃபயர்பாக்ஸ் உலாவியை அதே பெயரில் வெளியிட, அதை உருவாக்கும் மொசில்லாவின் வணிகக்குறி விதிகள் தடையாக இருந்ததால், 2006-இல் ஐஸ்வீசல் என்று பெயரிட்டுத் தரத் தொடங்கினார்கள்; 2016-இல்தான் பழைய பெயர் திரும்பியது. பத்து ஆண்டுகள் பயனர்களுக்கு இருந்த குழப்பம் யாருக்கும் பயன் தரவில்லை. யார், எதற்கு, எந்த அளவுக்கு அனுமதி கேட்காமலே பெயரைப் பயன்படுத்தலாம் என்று சாதாரண வாசகருக்குப் புரியும் மொழியில் ஒரு பக்கம் எழுதி வெளியிட்டால் பெரும்பாலான சிக்கல்கள் எழவே மாட்டா.

முதல் மாதம்: கையில் எத்தனை மாதம் இருக்கிறது?

வங்கி இருப்பைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அந்த இருப்பில் ஒரு பகுதி குறிப்பிட்ட வேலைக்கென்று வந்த மானியமாக இருக்கும், ஒரு பகுதி அடுத்த மாநாட்டுக்கு முன்பணமாக வந்த நுழைவுக் கட்டணமாக இருக்கும். இவற்றைக் கழித்துவிட்டு, மீதியை மாதாந்தரக் கட்டாயச் செலவால் வகுத்தால் வருவதே நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய எண். அது மூன்றுக்குக் கீழே இருந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நிதி திரட்டுங்கள். ஆறுக்கு மேலே வைத்திருப்பதை இலக்காகக் கொள்ளலாம்.

வரவு எவ்வளவு என்பதோடு எப்போது வருகிறது என்பதும் உயிரானது. இதற்கு, லினக்ஸ் கணினிகளுக்கான க்னோம் என்ற திரைச்சூழலுக்குப் பின்னால் நிற்கும் க்னோம் அறக்கட்டளையின் 2014-ஆம் ஆண்டு அனுபவத்தைவிட நல்ல பாடம் இல்லை. கட்டற்ற மென்பொருளில் பெண்களின் பங்கேற்பைக் கூட்டுவதற்கான ஒரு பயிற்சித் திட்டத்தை, பிற அமைப்புகளுக்காகவும் சேர்த்து, அந்த அறக்கட்டளை நிர்வகித்து வந்தது. பயிற்சியாளர்களுக்கு உதவித்தொகையைக் குறித்த நாளில் அது கொடுத்துவிடும். புரவலர் நிறுவனங்கள் தங்கள் பங்கைப் பின்னர் செலுத்தும். திட்டம் வளர்ந்தபோது இந்த இடைவெளியும் வளர்ந்தது, விலைப்பட்டியல் அனுப்புவதிலும் வசூலிப்பதிலும் தாமதம் சேர்ந்துகொண்டது. 2014 ஏப்ரலில் கையிருப்பு தீர்ந்து, அவசியமற்ற செலவுகள் அனைத்தையும் நிறுத்துவதாக அறக்கட்டளை அறிவிக்க நேர்ந்தது. யாரும் பணத்தை எடுத்துவிடவில்லை, வர வேண்டியது எழுத்தில் பத்திரமாக இருந்தது, அப்படியும் கை காலியாயிற்று.

இதை உங்கள் அளவுக்கு மாற்றிப் பாருங்கள். இருபது பயிற்சியாளர்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் ஜூன் மாதத்தில் தர வேண்டும், புரவலர் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு விலைப்பட்டியல் கிடைத்து 90 நாள்களுக்குப் பிறகே பணம் அனுப்பும், நீங்கள் விலைப்பட்டியலை ஜூலையில் அனுப்புகிறீர்கள் என்றால், அக்டோபர் வரை இருபது லட்சம் ரூபாயை உங்கள் பொது நிதி தாங்க வேண்டும். ஆகவே அடுத்த 12 மாதங்களுக்கு மாதம் ஒரு வரி என்று எழுதி, எதிர்பார்க்கும் வரவை அது உண்மையில் வங்கியில் விழும் மாதத்தில் போடுங்கள். ஒப்புக்கொண்ட மாதத்தில் போடாதீர்கள். இந்தப் பட்டியலை ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் பொருளாளரோடு உட்கார்ந்து திருத்துவது அரை மணி நேர வேலை.

மற்ற அறக்கட்டளைகள் எப்படிச் செலவழிக்கின்றன என்று அறிய விரும்பினால், அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990 படிவத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். அது பொதுப் பார்வைக்கு உரியது. ஓர் அமைப்பின் மூன்று ஆண்டுப் படிவங்களை அடுக்கிவைத்துப் படித்தால், அதன் அறிக்கைகள் சொல்லாததெல்லாம் தெரியும்.

நிபந்தனையோடு வரும் பணம்

பெரிய மானியம் மகிழ்ச்சி தரும், வாடகை தராது. ஜெர்மனி அரசு 2022-இல் தொடங்கிய சாவரின் டெக் ஃபண்டிடமிருந்து க்னோம் அறக்கட்டளைக்கு 2023-இல் பத்து லட்சம் யூரோ கிடைத்தது. அது அணுகல்தன்மை, பாதுகாப்பு முதலிய குறிப்பிட்ட பணிகளுக்கானது. அதே அறக்கட்டளை அடுத்த ஆண்டு அக்டோபரில், தொடர்ந்து வந்த பற்றாக்குறை பட்ஜெட்டுகளால் கையிருப்பு குறைந்துவிட்டதாகக் கூறித் தன் செலவுகளைச் சுருக்கியது. இரண்டும் ஒன்றோடொன்று முரண்படவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் அறக்கட்டளைக் கணக்கில் பாதியைப் புரிந்துகொண்டதாகும். மானிய விண்ணப்பத்தில் கணக்கெழுதுபவரின் ஊதியம், தணிக்கைக் கட்டணம், சர்வர் செலவு ஆகியவற்றுக்கும் ஒரு பங்கைக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுபவர்களே அதிகம்.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைப் படிப்பது தலைவரின் வேலை. பைத்தான் மென்பொருள் அறக்கட்டளைக்கு அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் நிறுவனம் 15 லட்சம் டாலர் மானியத்தைப் பரிந்துரைத்திருந்தது. பன்முகத்தன்மையையும் எல்லோரையும் உள்ளடக்குவதையும் முன்னிறுத்தும் திட்டங்களை நடத்தக் கூடாது என்ற நிபந்தனை மானிய வேலைக்கு மட்டுமன்றி அமைப்பின் எல்லாப் பணிகளுக்கும் பொருந்தும் என்பதும், மீறினால் ஏற்கெனவே கொடுத்துச் செலவாகிவிட்ட தொகையையும் திரும்பக் கேட்கலாம் என்பதும் தெரிந்தபோது, 2025 அக்டோபரில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாக அந்த அமைப்பு அறிவித்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய 50 லட்சம் டாலர் புழங்கும் அமைப்புக்கு அது சிறிய தொகை அன்று. கொள்கையை ஒதுக்கிவைத்துக் கணக்கை மட்டும் பார்த்தாலும், செலவான பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை ஒருவரிடம் இருக்குமானால் அது நன்கொடை என்பதைவிடக் கடனுக்கு நெருக்கமானது.

ஒரே புரவலரைச் சார்ந்திருப்பதன் ஆபத்து எல்லோரும் அறிந்ததே. மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி நெடுங்காலமாக ஒரே தேடுபொறி ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. அவ்வளவு பெரிய அமைப்பாலேயே அதைக் குறைக்க முடியவில்லை என்பதால் சிறியவர்கள் தொடக்கத்திலேயே கவனமாக இருப்பது நல்லது. நம் பக்கத்தில் பெங்களூரின் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024-இல் ஃப்ளாஸ் ஃபண்ட் என்ற பெயரில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. விண்ணப்பிப்பவர் தம் திட்டத்தையும் தேவையையும் வரையறுத்த வடிவில் ஒரு கோப்பாகத் தம் தளத்தில் வெளியிட வேண்டும். அந்தக் கோப்பை எழுதிப் பார்ப்பதே ஒரு நல்ல பயிற்சி. எவ்வளவு பணம், எதற்கு என்று ஒரு வரியில் சொல்லத் தெரியாத அமைப்புகள் நிறைய இருக்கின்றன.

இன்னும் பதிவு செய்யாதவர்களுக்கு

தனியாக ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்வதற்கு முன், பல திட்டங்களின் பணத்தையும் சட்டப் பொறுப்பையும் சேர்த்துக் கவனிக்கும், ஏற்கெனவே உள்ள ஒரு குடை அமைப்பின் கீழ் சேர முடியுமா என்று பாருங்கள். டெபியனுக்காக 1997-இல் நியூயார்க்கில் பதிவான சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்டரஸ்ட் அமைப்பு, தன் கீழுள்ள திட்டங்களின் நன்கொடைகளைக் கையாள 5 விழுக்காடு எடுத்துக்கொள்கிறது. 2006-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி, கிட், இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருள்களுக்குக் குடையாக இருக்கிறது. கழிவு போகிறதே என்று வருந்துபவர்கள், ஒரு தணிக்கையாளரின் ஆண்டுக் கட்டணத்தையும் பொருளாளரின் ஞாயிற்றுக்கிழமைகளையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

தனிப் பதிவுதான் என்றால் நோக்க விதியை எழுதுவதில் நேரம் செலவிடுங்கள். ஷாட்வெல் என்ற, ஒளிப்படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருளை உருவாக்கிய யோர்பா அறக்கட்டளை அமெரிக்க வரித்துறையிடம் 2009 டிசம்பரில் வரிவிலக்கு கேட்டது. நான்கரை ஆண்டுகள் காத்திருந்தபின் 2014 மேயில் மறுப்பு வந்தது. யாரும் எதற்கும், வணிகத்துக்கும்கூட, பயன்படுத்தக்கூடிய மென்பொருளைத் தருவது மட்டுமே அறப்பணி ஆகிவிடாது என்பது துறையின் வாதத்தின் சாரம். மென்பொருள் செய்வது எங்கள் நோக்கம் என்று எழுதுவதைவிட, கல்விக்கும் பொதுமக்களின் பயன்பாட்டுக்கும் அது எப்படி உதவுகிறது என்று எழுதுவதே எங்கும் பாதுகாப்பானது.

தமிழ்நாட்டில் தொடங்குபவர்களுக்கு அறக்கட்டளைப் பத்திரம், 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழான சங்கம், 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு நிறுவனம் என மூன்று வழிகள் உண்டு. அறக்கட்டளையைத் தொடங்குவது எளிது, நிறுவனத்தை நடத்துவதில் தாக்கல்கள் அதிகம். வெளிப்படைத்தன்மைக்காகப் பல புரவலர்கள் பின்னதை விரும்புகிறார்கள். பொதுப் பயன்பாடு என்ற தலைப்பில் வரிவிலக்குப் பெறும் அமைப்பின் வணிகத் தன்மையுள்ள வரவு மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை, கட்டணப் பயிற்சி நடத்த நினைப்பவர்கள் தங்கள் ஆடிட்டரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

வெளிநாட்டு நன்கொடையில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டவர் ஒருவரிடமிருந்து ஐந்து டாலர் வாங்குவதும் குற்றமே. பதிவு பெற்றவர்களும் அதற்கென்று டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் பெற வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் அப்படி வந்த பணத்தில் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, அதை வேறு அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. சிங்கப்பூரிலோ கனடாவிலோ வாழும் நண்பர் இந்தியக் குடியுரிமையோடு இருந்தால், அவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அவரே அந்த நாட்டின் குடிமகனாகிவிட்டால் ஆகும். எனவே நன்கொடைப் பொத்தானை வலைத்தளத்தில் வைப்பதற்கு முன்பு, கொடுப்பவரின் குடியுரிமையைக் கேட்கும் ஒரு கட்டத்தை வையுங்கள்.

இரண்டாம் மாதம்: பராமரிப்பாளர்களோடு பேசுதல்

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த மறையாக்க மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் நன்கொடையே வந்துகொண்டிருந்தது என்பதும், முழுநேரமாக அதில் இருந்தவர் ஒருவரே என்பதும் உலகுக்குத் தெரிந்தன. பத்து ஆண்டுகள் கழித்து 2024 மார்ச் 29 அன்று வெளிவந்த, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் விவகாரம் இன்னும் கசப்பானது. சோர்ந்துபோயிருந்த ஒற்றைப் பராமரிப்பாளரிடம் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாக உதவி செய்து நம்பிக்கை பெற்றார். ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளைச் சேர்க்கலாமே என்று வேறு சில பெயர்களிலிருந்து நெருக்கடியும் வந்தது. இறுதியில் வெளியிடும் உரிமை கைமாறி, பிறர் கணினிக்குள் ரகசியமாகப் புக வழிவிடும் பின்கதவு அதில் நுழைந்தது. உள்நுழைவில் அரை விநாடி தாமதம் இருப்பதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளரால் அது பிடிபட்டது. மேலே ஒவ்வொரு சாவிக்கும் இருவர் வேண்டும் என்றேன். இரண்டாமவர் யார் என்பதைக் களைப்பு முடிவு செய்யக் கூடாது என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகையால் ஒவ்வொரு பராமரிப்பாளரோடும் தனித்தனியாக ஒரு மணி நேரம் பேசுங்கள். நிரலைப் பற்றிப் பேச வேண்டாம். வாரத்தில் எத்தனை மணி நேரம் இதற்குப் போகிறது, அதில் எந்த வேலை வெறுப்பூட்டுகிறது, ஆறு மாதம் ஓய்வெடுக்க நேர்ந்தால் யாரிடம் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பலர் சிரிப்பார்கள், சிலர் நெடுநேரம் பேசாமல் இருப்பார்கள். என்னிடம் ஒருவர், தாம் விலகினால் எல்லோரும் கோபித்துக்கொள்வார்கள் என்று எண்ணி இரண்டு ஆண்டுகளாகச் சொல்லாமல் இருந்ததாகச் சொன்னார். அவருக்குத் தேவைப்பட்டது பணம்கூட இல்லை, பிழைப் புகார்களை முதலில் வாங்கி வகைப்படுத்தித் தரும் ஓர் ஆள்.

ஊதியம் தரும் நிலைக்கு வந்துவிட்டால் யாருக்கு, எதற்கு என்பதை மிகுந்த எச்சரிக்கையோடு முடிவு செய்ய வேண்டும். 2006-இல் டெபியனின் வெளியீட்டு மேலாளர்களுக்கு ஊதியம் தந்து வேலையை விரைவுபடுத்த டங்க்-டேங்க் என்ற முயற்சி நடந்தபோது, ஊதியமின்றி உழைத்தவர்களில் சிலர் மனம் கசந்து தங்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த டிசம்பரில் வர வேண்டிய வெளியீடு 2007 ஏப்ரலில்தான் வந்தது. பணம் வருவதற்கு முன்பே, எந்த வகை வேலைக்கு ஊதியம், யார் தேர்ந்தெடுப்பார்கள், எவ்வளவு என்பதைப் பொதுவில் எழுதிவிடுங்கள். தன்னார்வலர் யாரும் விரும்பிச் செய்யாத வேலைகளான சர்வர் பராமரிப்பு, பாதுகாப்புப் புகார்கள், கணக்கெழுதுதல் ஆகியவற்றிலிருந்து தொடங்கினால் மனத்தாங்கல் குறைவு.

இயக்குநர் குழு

குழுவில் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் குவிந்தால், அறக்கட்டளை அந்த நிறுவனத்தின் ஒரு துறையாக மாறிவிடும். க்னோம் அறக்கட்டளையின் விதிகள் ஒரே அமைப்பைச் சார்ந்தவர்கள் இயக்குநர்களில் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கின்றன. அப்பாச்சியில் உறுப்பினர்கள் தனிமனிதர்கள், நிறுவனங்கள் அல்லர். இவற்றில் ஒன்றை உங்கள் விதிகளில் சேருங்கள். ஒவ்வோர் ஆண்டும் இயக்குநர்கள் தங்கள் வேலை, பங்கு, உறவினர் ஒப்பந்தம் ஆகியவற்றை எழுதித் தரட்டும். கூட்டக் குறிப்பை ஒரு வாரத்துக்குள் வெளியிடுங்கள். அதில் முடிவும், எதிர்த்து வாக்களித்தவர் பெயரும் இருந்தால் போதும், நடந்த சண்டை வேண்டாம்.

ஓட்டை தெரியவரும் நாள்

2021 டிசம்பரில், நிரல்களின் நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் அப்பாச்சியின் லாக்ஃபோர்ஜே மென்பொருளில் பெரும் ஓட்டை வெளிப்பட்டபோது, அதன் தன்னார்வலர்கள் அந்த ஒரே மாதத்தில் அடுத்தடுத்து நான்கு திருத்த வெளியீடுகளைத் தர வேண்டியிருந்தது. அப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரும் என்று வைத்துக்கொண்டு, புகார் பெறும் தனி மின்னஞ்சல், அதைப் படிக்கும் மூவர், பத்திரிகையாளர்களுக்குப் பதில் சொல்லும் ஒருவர் என்று இப்போதே குறித்துவிடுங்கள். நிரல் எழுதுபவர்களை அந்த வாரத்தில் நேர்காணல்களிலிருந்து காப்பதே தலைவர் செய்யக்கூடிய பெரிய உதவி. ஐரோப்பாவில் பயனர்கள் உள்ள அமைப்புகள், 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தையும் படிக்க வேண்டும். வணிகத்தில் பயன்படும் கட்டற்ற மென்பொருளைத் தொடர்ந்து தாங்கிநிற்கும் அறக்கட்டளைகளுக்கு அது தனி வகையும் இலகுவான கடமைகளும் வகுத்துள்ளது. அதன் முதன்மையான கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும்.

தள்ளிவைக்க வேண்டியவை

புதிய சின்னம், புதிய வலைத்தளம், விருது விழா, வேறு ஊர்களில் கிளை, அறக்கட்டளையே எழுதப்போகும் புதிய மென்பொருள். இவை எதையும் முதல் ஆண்டில் தொடாதீர்கள். மாநாடு ஏற்கெனவே நடந்துவந்தால் அதே அளவில் நடத்துங்கள். அரங்க முன்பணத்தை மட்டும் மேலே சொன்ன 12 மாதப் பட்டியலில் முதலில் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கையளிப்பு

பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே, அடுத்து வருபவருக்கான குறிப்பு ஒன்றைத் திறந்து, உங்களுக்கு யாரும் சொல்லாததால் நீங்கள் தடுமாறிய ஒவ்வொன்றையும் அன்றன்றே அதில் எழுதிவாருங்கள். பதவிக்காலம் முடியும் நாளில் அந்தக் குறிப்பையும் சாவிகளின் தாளையும் புதியவரிடம் கொடுத்து, ஒவ்வொரு கணக்கிலும் அவர் தாமே உள்நுழைவதை அருகில் இருந்து பாருங்கள். பிறகு வங்கிக்குச் சென்று உங்கள் கையெழுத்தை நீக்கும் தீர்மானத்தின் நகலைக் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கிக் கோப்பில் வையுங்கள். எங்கள் அமைப்பில், விலகிப் பதினான்கு மாதங்கள் ஆன பின்பும் காசோலைக்குக் கையெழுத்துக் கேட்டு என் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டிருந்தார்.